ஆத்துமச் சாப்பாட்டுக்கு ஒரு சேர்விஸ் சார்ஜ்

என் மனுசன் இறந்த நாளில் ஒவ்வொரு வருடமும் ஏழு பேருக்குச் சோறு கொடுக்கிறேன். காலையில் கோயிலில் அவருடைய ஆத்துமாவுக்காகப் பூசை. மத்தியானம் பேசாலையில் எங்கள் வீட்டில் சாப்பாடு. அந்த ஏழு பேரும் சொந்தக்காரராக இருக்கக்கூடாது. சொந்தக்காரருக்குக் கொடுப்பது கொடுப்பதில் சேராது, நாளைக்கு அவர்களும் கூப்பிட்டுத் தருவார்கள். அதைவிடப் பெரிய கட்டுப்பாடு ஒன்று இருக்கிறது. அந்தச் சாப்பாட்டில் இரவல் பொருள் எதுவும் சேரக்கூடாது. அரிசியும் மீனும் மட்டுமில்லை, உப்பும் தேங்காயும் நெருப்புப்பெட்டியும்கூட என் காசில் வாங்கியதாக இருக்க வேண்டும். வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக்காரி ஒரு நெட்டுக் கறிவேப்பிலை நீட்டி, அதை வாங்கிப் போட்டுவிட்டால், அந்தச் சாப்பாட்டில் அவளுக்கும் பங்கு வந்துவிடும். அவருக்கு முழுதாகப் போய்ச் சேராது.

நான் கலியாணம் முடித்துப் போன வீட்டில் இப்படித்தான் செய்தார்கள். மற்ற வீடுகளில் எப்படியோ தெரியாது. எங்கள் தெருவிலேயே இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு வருடம் சமையல் நடுவில் மஞ்சள் முடிந்துபோய், சட்டியை இறக்கி வைத்துவிட்டு, உச்சி வெயிலில் கடைக்கு நடந்தவள் நான். நாலு வீட்டுக்காரர் மஞ்சளோடு வாசலுக்கு வந்தார்கள். ஒருவரிடமும் வாங்கவில்லை. சிரித்தால் சிரிக்கட்டும்.

பத்து வருடம் நானே சமைத்தேன். இது பதினோராவது. அந்த நாளுக்கு இரண்டு கிழமைக்கு முன்னர்தான் எனக்கு வலது கண்ணில் ஒப்பரேசன் செய்தார்கள். புகைக்கும் அடுப்புக்கும் ஒரு மாதம் கிட்டப் போகக்கூடாது, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். என் மகள் மன்னார் டவுனில் ஒரு கந்தோரில் வேலை செய்கிறாள். போனில் எடுத்தாள்.

"அம்மா, இந்த முறை ஆர் சமைக்கிறது?"

"நீ லீவு போட்டிட்டு வாவன்."

"வந்து சமைச்சா, பேந்து அது என்ட கைச் சாப்பாடு, உங்கட இல்லையெண்டு ஒரு மாசத்துக்கு முகத்தை நீட்டிக்கொண்டு இருப்பியள். எனக்குத் தெரியாதோ உங்களை? இஞ்ச டவுனில ஒரு புதுக் கடை வந்திருக்கு. நல்ல துப்புரவு. ஏழு பேரையும் வானில ஏத்திக்கொண்டு வாங்கோ. காசு உங்கட காசு. அப்ப சாப்பாடும் உங்கட சாப்பாடுதானே."

இரண்டு நாள் யோசித்தேன். யோசிக்காமல் ஓம் என்று சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை. கடையில் யாரோ சமைப்பார்கள், யாரோ பரிமாறுவார்கள். ஆனால் அந்த வேலைக்கு நான் கூலி கொடுக்கிறேன். கூலி கொடுத்துவிட்டால் அந்த வேலை என்னுடையது. முந்தி ஒரு வருடம் கைவலி வந்தபோது தேங்காய் துருவ ஒருத்தியைக் கூப்பிட்டேன், கூலியையும் கையில் கொடுத்தேன். அதில் ஒரு பிசகும் இல்லை. அவள் சும்மா துருவித் தந்திருந்தால்தான் பிசகு. காசும் சுத்தமான காசு. அவருடைய வள்ளத்தை இப்போது வேறொருவர் கடலுக்குக் கொண்டுபோகிறார். மாதாமாதம் அதில் எனக்கு வருகிறதைச் சேர்த்து வைத்திருந்தேன். சரி, கடையில் கொடுப்போம் என்று முடிவெடுத்தேன்.

பூசை முடிந்ததும் வான் வந்தது. ஏழு பேர். கோயில் மணி அடிக்கிறவர், கிழிந்த வலை பொத்துகிற கிழவர் இருவர், மற்றும் மூன்று பேர் தெருவில் தனியாக இருக்கிறவர்கள். ஏழாவது ஆள் கருவாடு காயப்போட்டு விற்கிற ஒருத்தி. என்னைவிட நாலு வயது குறைய, அதனால் சொந்தம் இல்லாவிட்டாலும் என்னை அக்கா என்பாள், என் மனுசனை அத்தான் என்பாள். வாய் மட்டும் என்னைவிட நாற்பது வயது கூட.

மகள் கடை வாசலில் காத்து நின்றாள். கடை முழுக்கக் கண்ணாடி. வெளியே விசிறி சுழலுகிற மேசைகள், உள்ளே இன்னொரு கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் குளிர் அறை. பரிமாறுகிற மனுசி ஒருத்தி வந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும், இடுப்பில் நீல ஏப்ரன். வயதுபோன ஆட்கள் வெயிலில் வந்திருக்கிறோம் என்று பார்த்துவிட்டு, "உள்ளுக்கு வாங்கோ அம்மா, குளிர்மையாக இருக்கும்" என்று கூட்டிக்கொண்டு போனாள். அந்த நேரம் அவள் முகத்தில் அன்பைத்தான் கண்டேன். இப்போதும் அன்பென்றுதான் நினைக்கிறேன்.

கறுப்புக் கண்ணாடியோடு அந்த அறைக்குள் இருந்தது, ஆழத் தண்ணீருக்குள் இருந்தது போல. நான் செபம் சொன்னேன், எல்லோரும் எழுந்து நின்றார்கள். பரிமாறுகிற மனுசி சோற்றுச் சட்டியைக் கையில் பிடித்தபடி, செபம் முடியும் மட்டும் அசையாமல் நின்றாள். பாரைக் குழம்பு, கணவாய்ப் பிரட்டல், முருங்கைக்காய், அப்பளம், தேங்காய்ப்பால் சொதி. குழம்பில் புளி கொஞ்சம் குறைவு, மற்றபடி குறை சொல்ல முடியாது. மணி அடிக்கிறவர் மூன்று முறை சொதி கேட்டார், மூன்று முறையும் முகம் கோணாமல் கொண்டுவந்தாள். கருவாட்டுக்காரி மேசையில் இருந்த தண்ணீர்ப் போத்தலில் ஒன்றை முடித்து, இன்னொன்றைத் திறந்தாள். சேலைத் தலைப்பை இழுத்துக் காதை மூடிக்கொண்டாள்.

"அக்கா, அத்தான் ஐஸ் பெட்டிக்குள்ள போட்டு வைச்சுக் கொண்டுவந்த மீன் மாதிரி இருக்கிறம்" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவருக்கு இது பிடித்திருக்கும் என்று நினைத்தேன்.

பிறகு பில் வந்தது. ஒரு சின்னப் புத்தகத்தின் அட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். செபப் புத்தகத்தைத் தமிழில் எழுத்துக்கூட்டி வாசிப்பேன், இங்கிலிஷ் தெரியாது. ஆனால் முப்பது வருடம் மீன் விற்றவளுக்கு இலக்கம் தெரியாமல் இருக்குமா? ஒன்பது சாப்பாட்டுக்கு எவ்வளவு என்று கதிரையில் இருந்தபடியே மனதில் கூட்டி வைத்திருந்தேன். கண்ணாடியைக் கொஞ்சம் உயர்த்திப் பார்த்தால், அந்த எண் நடுவில் இருக்கிறது. அதற்குக் கீழே இன்னும் மூன்று வரி. அதற்கும் கீழேதான் முடிவு.

"பிள்ளை, உதென்ன கீழ?"

மகள் குரலைத் தணித்தாள். "சேர்விஸ் சார்ஜ் பத்து வீதம். ஏசி றூமுக்கு ஒரு காசு. பேந்து தண்ணிப் போத்தல். எல்லா இடமும் இப்ப இப்பிடித்தான் அம்மா."

"உனக்கு முதலே தெரியுமோ?"

"தெரியும். சின்னக் காசுதானே. நீங்கள் கதைக்காதேங்கோ. அந்த மேலதிகத்தை நான் குடுக்கிறன்."

அவள் கைப்பையைத் திறந்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் கொடுத்தால் அவளுக்குப் பங்கு வந்துவிடும். "பையை மூடு" என்றேன். எழுந்தேன். நானே கொடுத்திருக்கலாம், கையில் காசு இருந்தது. அதை இங்கே சொல்லித்தான் ஆகவேண்டும். ஆனால் என்னைக் கேட்காமல் என் தலையில் ஒரு விலையை ஏற்றினால், அதைக் குனிந்து வாங்குகிற ஆள் நான் இல்லை.

காசு வாங்குகிற மேசையில் முதலாளி இருந்தார். முஸ்லிம் ஆள், நாற்பது கடந்தவர், தாடியில் இரண்டு மூன்று நரை. எழுந்து நின்றுதான் என்னோடு கதைத்தார்.

"சாப்பாடு சரியில்லையா அம்மா?"

"சாப்பாட்டில குறை இல்லை தம்பி. இந்தக் கீழ இருக்கிறதைத்தான் கேக்க வந்தனான். இதை ஏன் சாப்பிட முதல் சொல்லயில்லை?"

"மெனுவில கடைசிப் பக்கத்தில போட்டிருக்கு அம்மா."

"கடைசிப் பக்கம் இங்கிலிசில. எனக்கு இப்ப இருக்கிறது ஒரு கண். அதுவும் தமிழ்க் கண்."

கருவாட்டுக்காரி எப்போது எனக்குப் பின்னால் வந்து நின்றாள் என்று தெரியாது. "தம்பி, அந்தக் குளிருக்கோ காசு? எனக்கு மூக்கு ஒழுகுது. நான் இதுக்கு ஆரிட்டக் காசு கேக்கிறது?"

"நீ பேசாமல் இரு" என்றேன். "தம்பி, நான் மீன் வித்தனான். மீனுக்கு ஒரு விலை, வெட்டித் தர ஒரு விலை. வெட்டுக்கூலியைக் கத்தி வைக்க முதல் சொல்லுவம். வேண்டாமெண்டால் ஆள் முழு மீனாகக் கொண்டுபோகலாம். வெட்டிப்போட்டுக் கூலி சொன்னால், அது விலையோ? நீங்களே சொல்லுங்கோ."

வெளி மேசைகளில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் சோற்றுக் கோப்பையில் விரலை வைத்தபடி ஓம் ஓம் என்று தலையாட்டினார். மகள் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் மறைந்து நின்றாள்.

"இண்டைக்கு என்ன விசேசம் அம்மா?" என்று முதலாளி கேட்டார். நான் பதில் சொல்ல முந்தி கருவாட்டுக்காரி சொல்லிவிட்டாள், என் மனுசனின் நாள், ஏழு பேருக்கு ஆத்துமச் சாப்பாடு என்று. அவர் முகம் மாறியது. பேனையை எடுத்து மூன்று வரியையும் வெட்டினார்.

"நல்ல காரியத்துக்கு வந்திருக்கிறியள். இது வேண்டாம் அம்மா. என்ட பங்காக இருக்கட்டும்."

நான் மேல் இருந்த தொகையை எண்ணிக் கொடுத்துவிட்டு, கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். பத்து வயது குறைந்தது போல நடந்தேன். அவர் சொன்ன கடைசிச் சொல் என் காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. வென்றவளுக்குக் காது கேட்பதில்லை.

பேசாலைக்குத் திரும்புகிற வழியில் கழுதைகள் ரோட்டை மறித்து நின்றன. சாரதி ஹோன் அடித்துக்கொண்டே இருந்தான், அவை கேட்பதாக இல்லை. வான் நின்ற அந்த நேரத்தில்தான் கருவாட்டுக்காரி சொன்னாள்.

"ஆனா அக்கா, இந்த வருசம் அத்தானுக்கு நீங்கள் தனியக் குடுக்கயில்லை. நீங்களும் அந்த முதலாளியும் பாதிக்குப் பாதி எல்லோ?"

"விசர்க் கதை கதையாதை."

"நானோ? அந்தாள்தானே சொன்னது, என்ட பங்கு எண்டு. ஒரு நெட்டுக் கறிவேப்பிலைக்கு அந்தப் பாடு படுத்தின மனுசி, இப்ப ஏசி, தண்ணி, பரிமாறின கூலி எல்லாம் இரவல்!"

வான் முழுக்கச் சிரித்தது. மணி அடிக்கிறவர் இருமலோடு சிரித்தார். கழுதைகள் போய்விட்டன. நான் யன்னலால் வெளியே பார்த்தபடி இருந்தேன். அவள் பகிடிக்குத்தான் சொன்னாள். ஆனால் அவள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை. கூலி கொடுத்தால்தான் வேலை என்னுடையது என்று நான்தானே கணக்கு வைத்தேன்? பரிமாறிய கூலியை நான் கொடுக்கவில்லை. அவருக்குப் போன சாப்பாடு முழுதில்லை. பதினோரு வருடத்தில் முதல்முறை.

அடுத்த நாட்களில் கதை ஊரெல்லாம் போய்விட்டது. வருகிறவர்கள் எல்லோரும் எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு தங்கள் கதையைச் சொன்னார்கள். ஒருவர் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போகக் கேட்டாராம், பெட்டிக்குத் தனிக் காசாம். இன்னொருத்தி பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்கு வீட்டில் செய்த கேக்கைக் கடைக்குக் கொண்டுபோய் வெட்டினாளாம், வெளிக் கேக்கை வெட்டியதற்கு ஒரு காசாம். ஒவ்வொருவரும் அந்தச் சின்னத் தொகையைச் சதம் பிசகாமல் நினைவு வைத்திருந்தார்கள். சாப்பாட்டின் விலை ஒருவருக்கும் நினைவில்லை. அதைக் கவனித்தேன். பெரிய காசைக் கொடுத்துவிட்டு மறக்கிறோம், சின்னக் காசு முள்ளு மாதிரித் தொண்டையில் நிற்கிறது. ஏன் என்று யோசித்தால், பெரிய காசை நாமே பார்த்துச் சம்மதித்து உட்கார்ந்தோம். சின்னக் காசு, கை கழுவிவிட்டு வந்த பிறகு, மறுக்க முடியாத இடத்தில் வைத்து வாங்கப்படுகிறது. ஏமாந்துவிட்டோம் என்கிற வெட்கம்தான் முள்ளு.

ஆனால் நானும் பெரிய யோக்கியம் இல்லை. மீன் விற்ற காலத்தில் ஒரு வாத்தியார் மனைவி என்னிடம் சண்டைக்கு வந்தாள். மீனுக்கு இவ்வளவு விலை வாங்கிவிட்டு வெட்டவும் ஏன் காசு என்று கேட்டாள். "உங்கட மனுசன் பள்ளிக்கூடத்தில படிப்பிச்சிட்டு, வீட்டில ரியூசனுக்குக் காசு வாங்கிறதில்லையோ?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். அவள் அழுதபடி போனாள். அந்த வெட்டுக்கூலி எனக்குச் சும்மா வந்த காசு இல்லை. என் விரல்கள் இரண்டில் இன்றைக்கும் தழும்பு இருக்கிறது. அப்படியென்றால், சொதிச் சட்டியோடு மூன்று முறை நடந்த அந்த மனுசியின் காலுக்கு என்ன விலை? இதை நான் அந்த மேசைக்கு முன்னால் நின்றபோது யோசிக்கவில்லை. எனக்கு எப்போது சொன்னார்கள் என்பதில் பிழை இருந்தது. என்ன கேட்டார்கள் என்பதில் பிழை இருந்ததா என்று தெரியவில்லை.

கண்ணுக்கு மருந்து விடுகிற நாட்கள் முடிந்ததும், மகளிடம் சொல்லாமல் பஸ் ஏறி டவுனுக்குப் போனேன். அந்த மூன்று வரியின் காசைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்துக்கொண்டேன். கொடுத்துவிட்டு வந்தால் சாப்பாடு முழுதாகிவிடும், அவ்வளவுதான் என் நினைப்பு.

மத்தியானக் கூட்டம் கலைந்திருந்தது. முதலாளி இல்லை. அந்த நீல ஏப்ரன் மனுசி மேசை துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கோ அம்மா. கண் எப்பிடி? முதலாளி தொழப் போயிட்டார், இப்ப வந்திடுவார். இருங்கோ."

இருந்தேன். அவள் எந்த ஊர் என்று கேட்டேன். இலுப்பைக்கடவை என்றாள். விடிய முதல் பஸ்ஸில் வருகிறாளாம், கடைசிப் பஸ்ஸில் போகிறாளாம்.

"பிள்ளை, ஒண்டு கேக்கிறன். அந்தப் பத்து வீதம் ஆருக்குப் போறது?"

அவள் துணியை மடித்தாள். "எங்களுக்குத்தான் அம்மா. ஒரு பெட்டியில போட்டு, மாசம் முடிய வேலை செய்யிற எல்லாருக்கும் பிரிக்கிறவர். எனக்கு பஸ் காசு அதிலதான் போறது."

"அப்ப அண்டைக்கு நான் சண்டை பிடிச்சது உங்கட வயித்தில அடிச்சதோ?"

"இல்லையம்மா, இல்லை" என்று அவசரமாகச் சொன்னாள். "நீங்கள் போன உடன முதலாளி தன்ட கைக்காசை எடுத்துப் பெட்டியில போட்டவர். நான் கண்டனான்."

அது எனக்கு ஆறுதல், அதே நேரம் இடி. அவர் வெறும் பேனையால் வெட்டிவிட்டுப் போகவில்லை. உண்மையாகவே கொடுத்திருக்கிறார். உண்மையாகவே அவருக்குப் பங்கு இருக்கிறது.

அவர் வந்தார். நான் கைக்குட்டையை அவிழ்த்து மேசையில் வைத்தேன். விசயத்தை முழுதாகச் சொன்னேன், இரவல் கறிவேப்பிலை உட்பட. சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. காசை ஒரு விரலால் என் பக்கம் தள்ளினார்.

"வாங்க ஏலாது அம்மா. அண்டைக்கே நான் நிய்யத்து வைச்சிட்டன். என்ட வாப்பா மவுத்தாகி மூணு வருசம். அவர நினைச்சுச் சதக்காவாகத்தான் குடுத்தன். குடுத்த தர்மத்தத் திரும்ப வாங்கினா, அவருக்கு என்ன மிஞ்சும்?"

"நீங்கள் வாங்காட்டில் என்ட மனுசனுக்கு என்ன மிஞ்சும்?"

இருவரும் அந்தக் காசைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அது மேசையின் நடுவில் கிடந்தது, ஒருவருக்கும் சொந்தமில்லாமல். பரிமாறுகிற மனுசி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

"அவங்க ரெண்டு பேரும் அங்க இதுக்குச் சண்டை பிடிச்சுக்கொண்டிருப்பாங்க எண்டா நினைக்கிறீங்க?" என்று முதலாளி கேட்டார்.

"அவர் ஆரோடையும் சண்டை பிடிக்கமாட்டார் தம்பி. எங்கட வீட்டில அது என்ட வேலை."

அப்போதுதான் அவர் சிரித்தார். ஆனாலும் காசை வாங்கவில்லை. நல்ல மனுசன். அவருடைய இறந்தவரிடமிருந்து ஒன்றைப் பறித்து என் இறந்தவருக்குக் கொடுக்க எனக்கும் மனம் வரவில்லை. போன சாப்பாடு போனதுதான். அதில் ஒரு பங்கு அவருடைய வாப்பாவுக்கு. அதை இனி மாற்ற முடியாது.

கைக்குட்டையைத் திரும்ப முடிந்துகொண்டு கதவு வரைக்கும் போனேன். அங்கே நின்று திரும்பினேன்.

"பிள்ளை, நீ சாப்பிட்டியோ?"

"இல்லையம்மா. நாங்கள் மூண்டு மணிக்குப் பிறகுதான். குசினிக்குள்ள."

"தம்பி, ஏசி அறைக்குள்ள ஒரு சாப்பாடு. மீன் குழம்போட."

"உங்களுக்கா அம்மா?"

"இந்தப் பிள்ளைக்கு. ஏழு பேருக்கு முழுதாக் குடுக்க ஏலாமல் போச்சு. ஒரு ஆளுக்காவது குடுத்திட்டுப் போறன்."

அவள் மாட்டேன் என்றாள். ஏப்ரனோடு எப்படி உள்ளே இருப்பது, ஆட்கள் வந்தால் என்ன நினைப்பார்கள் என்றாள். முதலாளி மணிக்கூட்டைப் பார்த்தார், வெறுமையாகக் கிடந்த மேசைகளைப் பார்த்தார். "ஏப்ரனக் கழட்டி வைச்சிட்டு இருங்க" என்றார்.

அவள் கதிரையின் விளிம்பில் உட்கார்ந்தாள். நாள் முழுக்க எங்களைக் கதிரையில் இருத்துகிறவளுக்கு, அதில் எப்படி இருப்பது என்று தெரியவில்லை. சோற்றுச் சட்டி வந்தது, கறிகள் வந்தன. கொண்டுவந்தவர் பரிமாறக் கரண்டியை எடுத்தார். நான் அதை அவர் கையிலிருந்து வாங்கினேன். அடுப்புக்குத்தான் டொக்டர் தடை போட்டவர், அகப்பைக்கு இல்லை.

செபம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள். "நான் வேதக்காரி இல்லை அம்மா. என்ன சொல்ல வேணும்?"

"ஒண்டும் சொல்ல வேண்டாம். வயிறு நிறையச் சாப்பிடு."

வேலைக்காரர் சாப்பிடுகிற மாதிரி வேகமாகச் சாப்பிட்டாள். ஆறுதலாகச் சாப்பிடு என்று மூன்று முறை சொன்ன பிறகுதான் கை தணிந்தது. இரண்டாம் தரம் சோறு வைத்தேன், பாரையில் தலைப் பக்கத்துத் துண்டாகப் பார்த்து வைத்தேன். சொதி முடிந்திருந்தது. சட்டியை எடுத்துக்கொண்டு நானே குசினி வாசலுக்குப் போனேன். உள்ளே இருந்தவர் நிறைய ஊற்றித் தந்தார்.

"இதுக்கு எவ்வளவு?" என்று கேட்டேன்.

"சொதிக்குக் காசில்லை அம்மா. அது சும்மா."

சட்டியோடு அப்படியே நின்றேன். திரும்பவும் சும்மா. திரும்பவும் பங்கு. காசு வாங்குகிற மேசைக்கு நடந்தேன், சொதி தளம்பிக் கையில் ஊற்றியது.

"தம்பி, பில் போடுங்கோ. பத்து வீதம், ஏசி, தண்ணி, எல்லாம் போடுங்கோ. ஒண்டையும் வெட்டப்படாது."

"பரிமாறினது நீங்கள். அந்தப் பத்து வீதத்த நான் உங்களுக்கெல்லோ தரவேணும்?"

"பகிடியைப் பேந்து விடுங்கோ. இந்தச் சொதிக்கும் காசு போடுங்கோ."

"சொதிக்கு மெசினில பட்டன் இல்லை அம்மா. ஒருத்தரிட்டயும் நாங்க சொதிக்குக் காசு வாங்கினதில்லை."

"என்னட்ட வாங்குங்கோ."

அவர் என்னைப் பார்த்தார், என் கையில் இருந்த சட்டியைப் பார்த்தார். மெசினிலிருந்து பில்லைக் கிழித்தெடுத்து, பேனையைத் திறந்து, அச்சடித்த எழுத்துக்களுக்குக் கீழே தமிழில் ஒரு வரி எழுதினார். சொதி, ஐம்பது ரூபாய். நான் கூட்டிப் பார்த்து, சதம் குறையாமல் எண்ணி வைத்துவிட்டு, சொதி ஆற முதல் உள்ளே கொண்டுபோனேன்.